குளுக்கோஸ் ஏற்றக் கூடாது

செவ்வாய்க்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு என் இடது கையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைக் கழற்றினார்கள். புதன்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு அடுத்த பாட்டிலை மாட்டினார்கள். இடையில் பதினைந்து மணி பத்து நிமிடம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் நேரம் அவர்களுடைய கேஸ் ஷீட்டில் இருக்கிறது. இரண்டாவது என் நோட்டில் இருக்கிறது.

எடை குறைக்கும் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தேன். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்ற உத்தரவு. நரம்பு வழியாகவும் ஒன்றும் போகவில்லை. அந்தப் பதினைந்து மணி நேரத்தில் என் இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோகும் நிலைக்கு வந்தன. நான் பிழைத்துக்கொண்டதால், நடந்ததற்குச் "சின்ன கம்யூனிகேஷன் கேப்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜினா. திண்டுக்கல்லில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. கிழக்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் மேற்கு என்று இருந்தால் ஒருவர் வீட்டு வாசல் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும். அதனால் சொல்லில் நான் கறார். வீட்டிலும் அப்படித்தான் என்று என் கணவர் சொல்வார். அவர் பெயர் ஆரோக்கியம். வத்தலக்குண்டு சாலையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். தோட்டத்து பம்புசெட் மோட்டார்கள் கருகிப்போனால் அவரிடம்தான் வரும்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வந்தது. உட்கார்ந்தபடியேதான் தூக்கம். சர்க்கரை டாக்டர் ஊசி மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே வந்து, ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே மருந்தால ஆகாதும்மா. எடைய எறக்கணும். அதுக்கு ஆபரேஷன் வந்துருச்சு."

மாதம் ஒரு முறை மதுரையிலிருந்து ஓர் அறுவை சிகிச்சைக் குழு எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வந்துகொண்டிருந்தது. வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்து, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழத்தின் அளவில் குழாய் மாதிரி இருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். கேட்டபோது எளிதாகத்தான் இருந்தது.

முதல் பிரச்சினை எடை பார்ப்பது. மருத்துவமனைத் தராசின் முள் நூற்றிருபதோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் எண்ணே இல்லை. அங்கிருந்த நர்ஸ் "நூத்தி இருபதுன்னு போட்டுக்கறேன்" என்று எழுதப் போனாள். பக்கத்தில் நின்ற மயக்க மருந்து டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார். ஐம்பது வயதுக்காரர், மெலிந்தவர், குரல் மட்டும் கனம்.

"போட்டுக்கறேன்னா? இது என்ன ரேஷன் கார்டா? சரியான எடை தெரியாம நான் மயக்க மருந்தும் குடுக்க மாட்டேன், தண்ணியும் ஏத்த மாட்டேன். எங்கயாவது போய் எடை பாத்துட்டு வாங்கம்மா."

எங்கே போவது? என் கணவர் யோசித்துவிட்டு வெங்காய மண்டிக்குக் கூட்டிப் போனார். மண்டிக்காரரின் தோட்டத்து மோட்டார் எங்கள் பட்டறைக்கு வருவது வழக்கம். மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசில் ஏறி நின்றேன். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவர் மிகவும் அக்கறையாகக் கேட்டார்: "ஏன்க்கா, சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கணுமா?" எல்லாரும் சிரித்தார்கள். "கழிக்க வேண்டாம். சாக்கும் சேத்துத்தான் ஆபரேஷன்" என்றேன். 131 கிலோ 400 கிராம். மண்டிச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

டாக்டரம்மா அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

"உங்க உடம்புக்குத் தண்ணி ஏத்துறது கம்பி மேல நடக்கிற வேலை. முழு எடைக்கும் கணக்குப் போட்டு ஏத்துனா நெஞ்சுல நீர் கோத்து மூச்சு முட்டும். ஒல்லியா இருக்கிறவங்களுக்கு ஏத்துற மாதிரி ஏத்துனா கிட்னி காஞ்சுரும். இன்னொண்ணும் இருக்கு. அஞ்சு மணி நேரம் அசையாமக் கெடப்பீங்க. உங்க எடையே உங்க சதைய நசுக்கும். நசுங்குன சதையிலருந்து சாயம் மாதிரி ஒண்ணு ரத்தத்துல எறங்கும். அதக் கழுவி மூத்திரத்துல வெளிய தள்ளணும். அதுக்கும் தண்ணிதான். மணிக்கு எவ்வளவு உள்ள போகுது, எவ்வளவு வெளிய வருதுன்னு நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

ஒரு மருத்துவர் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் முறை. வீட்டுக்கு வந்து அத்தனையும் எழுதி வைத்தேன். என் நோட்டில் அந்தப் பக்கத்தில் "தண்ணி" என்ற சொல் ஆறு இடத்தில் இருக்கிறது. "குளுக்கோஸ்" என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. அதை நான் அன்று கவனித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அடுத்த பக்கத்தில் நான் வேறொன்று எழுதினேன். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் படுத்தபோது தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, என் சர்க்கரை நானூறைத் தாண்டி, மயங்கிக் கிடந்தேன். அந்தப் பயம் போகவில்லை. ஆகவே ஒரு வெள்ளைத்தாளில், கோடு போட்டு, நல்ல கையெழுத்தில் எழுதினேன்: "நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டு. எனவே குளுக்கோஸ் ஏற்றக் கூடாது." கீழே கையெழுத்து, தேதி. என் கணவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் குத்தி வைத்தார்கள்.

எழுதியதில் பிழை இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், ஓர் எழுத்துப் பிழையும் இல்லை.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஒரு நர்ஸ் வந்து கையில் ஊசியைக் குத்தி பாட்டிலை மாட்டினாள். இருபத்தைந்து வயது இருக்கும், சிரித்த முகம். "குளுக்கோஸ் போட்டிருக்கேன்க்கா, கையை மடக்காதீங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குளுக்கோஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கேனே?"

"தியேட்டருக்குப் போறவங்களுக்கு எல்லாருக்கும் போடுறதுதான்க்கா. டாக்டர் சொல்லித்தான் போட்டிருக்கேன்."

அது குளுக்கோஸ் இல்லை. சலைன் எனப்படும் உப்புத் தண்ணீர். லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு, வேறொன்றும் இல்லை. பாட்டிலிலேயே அச்சடித்திருந்தது. ஆனால் நம் ஊரில் கம்பியில் தொங்கும் எந்தப் பாட்டிலுக்கும் பெயர் குளுக்கோஸ்தான். வயலில் வேலை பார்த்துக் களைத்தவர் கிளினிக்கில் போய் "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்கிறார். கம்பவுண்டர் எதையோ எடுத்து ஏற்றுகிறார். நோயாளி சொல்கிறார், உறவுக்காரர் சொல்கிறார், ஆயா சொல்கிறார். சொல்லட்டும். நர்சிங் படித்தவளும் சொல்கிறாள். என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

அறுவை சிகிச்சை எட்டரைக்குத் தொடங்கி இரண்டேகாலுக்கு முடிந்தது. மூன்று மணிக்கு அறைக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளியும்போது டாக்டரம்மா நர்சிடம் சொன்னது காதில் விழுந்தது: "நிமிஷத்துக்கு அம்பது சொட்டு. மணிக்கு மணி மூத்திரம் எவ்வளவுன்னு எழுதணும். கொறஞ்சா எனக்கு போன் போடணும்." பிறகு அவர் ஒட்டன்சத்திரத்தில் வேறோர் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். மதுரைக் குழுவும் போய்விட்டது. பெரிய டாக்டர் என் கணவரின் தோளில் தட்டி "ஆபரேஷன் சக்சஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நாலு நாற்பதுக்கு, தியேட்டரிலிருந்து ஓடிக்கொண்டே வந்த பாட்டில் தீர்ந்தது. வேறு நர்ஸ் வந்தாள், மாலை ஷிப்ட்காரி; மறுநாள் காலை வரை அவளுக்குத்தான் டியூட்டி. கேஸ் ஷீட்டை எடுத்தாள். என் தாளைப் படித்தாள். வெளியே போய்த் தொலைபேசியில் பேசினாள். திரும்பி வந்து காலிப் பாட்டிலைக் கழற்றி, ஊசியின் வாயை மூடிவிட்டுப் போனாள்.

என் கணவர் என் காதருகில் குனிந்து, பெருமையாகச் சொன்னார்: "நீ எழுதிக் குடுத்தது வேல செஞ்சிருச்சு ரெஜி. நிறுத்திட்டாங்க."

நானும் சந்தோஷப்பட்டேன். நல்ல ஆஸ்பத்திரி, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்கள் என்று நினைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆறு மணி வாக்கில் வலது பக்கம் இடுப்புக்குக் கீழே வலி தொடங்கியது. வயிற்றில் போட்ட துளைகளைவிட அங்கேதான் வலி. கல்லை வைத்துத் தைத்ததுபோல் சதை இறுகிக் கிடந்தது. நர்சைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வெயிட்டுக்கு வலிக்கத்தான்க்கா செய்யும்" என்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாகம் என்றேன். "வாயில தண்ணி கூடாதுக்கா." தலை சுற்றுகிறது என்றேன். "மயக்க மருந்து, அப்படித்தான் இருக்கும்." பருமனான உடம்புக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் போதும். முழங்கால் வலித்தாலும் எடை, மூச்சு வாங்கினாலும் எடை. குறைவாகத்தான் சாப்பிடுகிறேன் என்றாலும் யாரும் நம்புவதில்லை. இருபது வருடமாக எந்த டாக்டரிடம் போனாலும் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் என் உடம்பைப் பார்த்துப் பதிலை எழுதிவிட்டார்கள். அன்றும் அதே பதில்தான்.

புதன் காலை ஆறரைக்கு ஆயா பேச்சி அக்கா சிறுநீர்ப் பையைக் காலி செய்ய வந்தார். நத்தம் பக்கத்துக்காரர். பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றார்.

"என்ன தாயி இது, கடுங்காப்பி மாதிரி இருக்கு? அதுவும் இம்புட்டூண்டு?"

நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர் வந்ததும் சொல்லிக்கலாம், ஊத்திட்டுப் போ" என்றாள்.

"ஊத்த மாட்டேன்" என்றார் பேச்சி அக்கா. "பதினெட்டு வருசமா ஊத்துறேன். இந்தக் கலர நான் ரெண்டு தரம்தான் பாத்திருக்கேன். ரெண்டுமே நல்லதுக்கு இல்ல. டாக்டரம்மா வந்து பாக்கட்டும், அப்புறம் ஊத்துறேன்." பையைக் கீழே வைத்துவிட்டு, ஓடிவிடாமல் காவல் இருப்பதுபோல் அதன் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். அந்தக் கட்டடத்தில் அன்று காலை தன் வேலையை முழுதாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

ஏழு ஐம்பதுக்கு டாக்டரம்மா வந்தார். பையைப் பார்க்கவில்லை. முதலில் கம்பியைப் பார்த்தார். வெறுங்கம்பி.

"டிரிப் எங்க?"

நர்ஸ் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள்.

"டிரிப் எங்கன்னு கேக்கறேன்!"

அந்தக் குரலுக்கு வராந்தாவில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் என் தாளை நீட்டினாள். டாக்டரம்மா அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். நர்சைப் பார்த்தார். திட்டக்கூட நேரம் எடுக்கவில்லை. தானே ஒரு பாட்டிலை எடுத்து மாட்டி, திருகைத் திறந்துவிட்டார். சொட்டு சொட்டாக இல்லை, கோடாக இறங்கியது.

ரத்தம் எடுத்துப் போனார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். உடம்பு தினமும் உண்டாக்கும் கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியேற்றும். வெளியேற்ற முடியாவிட்டால் ரத்தத்தில் அந்த எண் ஏறும். ஆபரேஷனுக்கு முன் எனக்கு 0.8. புதன் காலை 2.1.

டாக்டரம்மா என் கணவரை உட்கார வைத்துச் சொன்னார். மறைக்கவில்லை. "சதை நசுங்கியிருக்கு. அந்தச் சாயம் கிட்னியோட சல்லடைய அடச்சிருக்கு. ராத்திரி முழுக்கத் தண்ணி போயிருந்தா கழுவியிருக்கும். போகல."

அவருக்குப் புரிந்தது. "தண்ணி இல்லாம மோட்டாரு ஓடுன கணக்கு" என்றார் மெதுவாக.

"ஆமா. அதேதான்."

"காயில் கருகிருச்சாம்மா?"

"தெரியலங்க. இப்பத் தண்ணி விடுறேன். ஆனா இப்ப வேகமா விட்டா நெஞ்சுல நீர் கோத்துக்கும். ஒவ்வொரு மணிக்கும் முதுகுல குழாய் வச்சுக் கேட்டுக் கேட்டுத்தான் விடணும். மதுரையில கிட்னி டாக்டர்ட்ட பேசிட்டேன். நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள்ள மூத்திரம் மணிக்கு நூறு மில்லி வரணும். வரலன்னா ஆம்புலன்ஸ்ல மதுரைக்கு. டயாலிசிஸ்."

டயாலிசிஸ் என்றால் ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் கழுவித் திரும்ப விடுவது. சிலருக்கு நாலைந்து முறையோடு நின்றுவிடும். சிலருக்கு வாரம் மூன்று நாள், ஆயுள் முழுக்க. நான் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு அந்த அறையில் எங்களுக்கு இரண்டு எண்கள் மட்டுமே இருந்தன. உள்ளே போவது, வெளியே வருவது. என் கணவர் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொட்டு எண்ணினார். நர்ஸ் எண்ணினாலும் அவர் மறுபடி எண்ணுவார். புதன் பகல் பதினொரு மணிக்கு 15 மில்லி. பன்னிரண்டுக்கு 15. ஒன்றுக்கு 20. நிறம் மாறவில்லை. டாக்டரம்மா மணிக்கு ஒரு தரம் என்னைச் சாய்த்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். ஒரு முறை முகம் சுளித்து, திருகைக் குறைத்தார். அரை மணி கழித்துக் கேட்டுவிட்டு, மறுபடி கூட்டினார். கம்பி மேல் நடப்பது என்று அவர் சொன்னது என் உடம்பின் மேலேயே நடப்பதைப் பார்த்தேன்.

மாலையில் என் நாத்தனார் லூர்து நத்தத்திலிருந்து வந்தாள். எனக்கு ஒன்றும் தரக் கூடாது என்று தெரிந்தும் தூக்குவாளி நிறையக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். "மதினிக்கு இல்ல, அண்ணனுக்கு. நேத்துருந்து பச்சத் தண்ணி பல்லுல படலயாம்" என்றாள். அவர் வேண்டாம் என்றார்.

"ஆமா, நீயும் காஞ்சு கெட. ரெண்டு பேருக்கும் சேத்துக் குழாய் மாட்டுவாங்க" என்று திட்டி, தட்டில் ஊற்றி, வெங்காயத்தைக் கடிக்கக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் சொட்டு எண்ணும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். நாற்பதுக்கு மேல் அவளுக்கு எண்ணிக்கை தவறிவிடும். "மறுபடி மொதல்லருந்து" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்து துளைகள் வலித்தன. பிறகு ஈரத்துணியால் என் உதட்டை ஒற்றினாள். அந்த ஈரம் இன்னும் நினைவில் இருக்கிறது.

வியாழன் காலை கிரியாட்டினின் 3.9. எட்டு மணிக்குச் சிறுநீர் 30 மில்லி. ஒன்பதுக்கு 45. ஆம்புலன்சுக்குச் சொல்லி வைத்தார்கள். லூர்து என் புடவைகளைப் பையில் அடுக்கினாள். பத்து மணிக்கு 70. பேச்சி அக்கா வந்து பையை வெளிச்சத்தில் பிடித்து, "கடுங்காப்பி டீத்தண்ணியா மாறிருக்கு தாயி" என்றார். பதினொன்றுக்கு 90. என் கணவர் பையின் கோட்டையே பார்த்துக்கொண்டு முழங்காலில் நின்றார். ஜெபிக்கிறாரா அளக்கிறாரா என்று தெரியவில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"நூத்திப் பத்து" என்றார். "ஆம்புலன்ஸ் வேண்டாம்னு சொல்லிருங்க."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அத்தனை நேரமும் பயத்துக்கு அடியில் கிடந்த கோபம் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தது.

கிரியாட்டினின் வெள்ளிக்கிழமை 4.4 வரை ஏறி, சனிக்கிழமை இறங்கத் தொடங்கியது. எழுந்து உட்கார முடிந்ததும் நான் கேட்ட முதல் பொருள் என் கேஸ் ஷீட். தரக் கூடாது என்றார்கள். டாக்டரம்மா தானே கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

செவ்வாய் மாலைக் குறிப்பு இது: "4.40. குளுக்கோஸ் நிறுத்தப்பட்டது. உறவினர் வேண்டுகோள். டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது." டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். சின்ன வயதுக்காரர், வியர்த்துப்போனார். "குளுக்கோஸ் வேண்டாம்னு எழுதியிருக்காங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க மேடம். சர்க்கரை பேஷன்டுக்குக் குளுக்கோஸ் வேண்டாம்தானே? நிறுத்துன்னேன். சலைன் தனியா ஓடுதுன்னு நெனச்சேன்." நர்ஸ் சொன்ன குளுக்கோஸ் கம்பியில் தொங்கிய பாட்டில். அவர் கேட்ட குளுக்கோஸ் சர்க்கரைத் தண்ணீர். அவரவர் சொல் அவரவருக்குச் சரி. எழுந்து வந்து பாட்டிலைப் பார்க்க இருபது படி ஏற வேண்டும். ஏறவில்லை.

இதைக்கூட மன்னிப்பதைப் பற்றி யோசித்திருப்பேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மணிக்கு மணி எழுதச் சொன்ன சிறுநீர் அளவு. மாலை ஆறு முதல் காலை ஆறு வரை பதின்மூன்று கட்டங்கள். பதின்மூன்றிலும் 50. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரே மூச்சில் எழுதியது. இதைக் கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் எனக்கு இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் தருகிறது. பதின்மூன்று ஐம்பது அறுநூற்றைம்பது. பேச்சி அக்கா காவல் காத்த பையில் இருந்தது நூற்றுப்பத்து. யாரும் வந்து பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ராத்திரி எட்டு மணிக்கே தெரிந்திருக்கும், எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. என் தாளில் இருந்த சொல்லை அவர்கள் தவறாகப் படித்தது ஒரு பிழை. இது பிழை இல்லை. இது பொய்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மேனேஜர் வந்தார். தட்டச்சு செய்த ஒரு தாள், பேனா, இரண்டு ஆப்பிள்.

"ஒரு ஃபார்மாலிட்டி மேடம். கையெழுத்து மட்டும்."

படித்தேன். உறவினரின் எழுத்துமூலமான வேண்டுகோளின்பேரில் திரவம் ஏற்றுவது நிறுத்தப்பட்டது என்றும், அதன் விளைவுகளுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல என்றும் இருந்தது. பின்னால் என் தாளின் ஜெராக்ஸ் இணைத்திருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து குடுத்ததுதான மேடம்? நாங்க பேஷன்ட் பார்ட்டி சொல்றத மதிக்கிற ஆஸ்பத்திரி" என்றார்.

மூலையில் நின்ற என் கணவர் தரையைப் பார்த்தார். ஒரு வாரமாக எல்லாரும் அவரை அப்படிப் பார்க்க வைத்திருந்தார்கள். வந்து போன சொந்தக்காரர்கள்கூட, "என்ன மாப்ள, டாக்டருக்கே நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான் அலுவலகத்தில் பேசும் குரலில் பேசினேன். "இதுல திரவம்னு இருக்கு. இணைப்புல குளுக்கோஸ்னு இருக்கு. மூலமும் நகலும் ஒத்துப் போகல. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்? எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க?"

"ரெண்டும் ஒண்ணா? அப்ப இப்ப ஒரு பாட்டில் குளுக்கோஸ எடுத்து எனக்கு ஏத்துங்க. நான் நானூறுக்குப் போறேன். அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

லூர்து ஆப்பிள்களை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள். "இதையும் எடுத்துட்டுப் போங்க சார். எங்க மதினி இப்பக் கஞ்சித் தெளிவுதான் குடிக்குதுங்கிறதுகூட ஒங்களுக்குத் தெரியல. நீங்கதான் ஆபரேஷன் பண்ணவுங்க."

கையெழுத்துப் போடவில்லை. பதிலுக்கு நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கப் புகாருக்கு இன்றுவரை பதில் இல்லை. அந்த மாலை ஷிப்ட் நர்சை மட்டும் வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று பேச்சி அக்கா சொன்னார். அதிலும் எனக்குக் கோபம்தான். மூன்று மாடிக்கு இரண்டு நர்சை வைத்தவர்களை யார் அனுப்புவது?

மூன்று மாதம் கழித்து மதுரைக்குப் போய்க் கிட்னி டாக்டரைப் பார்த்தோம். எடை இருபத்தெட்டு கிலோ குறைந்திருந்தது. மூச்சு நிற்காமல் தூங்குகிறேன், படுத்தே தூங்குகிறேன். சர்க்கரை ஊசி பாதியாகிவிட்டது. கிரியாட்டினின் 1.4.

"0.8க்கு எப்ப வரும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"வராதும்மா. இனிமே இதுதான் உங்க அளவு. ஒரு பங்கு போயிருச்சு. டயாலிசிஸ் வராம வச்சுக்கலாம். வலி மாத்திரை மட்டும் எந்தக் காலத்துலயும் தொடக் கூடாது."

முழங்கால் வலிக்காகவும்தான் இத்தனையும் செய்துகொண்டேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். பழக்கடைகளைத் தாண்டி நடக்கும்போது என் கணவர் சொன்னார்: "எழுதுனது நீ. ஆனா ரிசப்ஷன்ல வச்சு, மறந்துராம முன்னாடி குத்தி வையுங்கம்மான்னு ரெண்டு தரம் சொன்னது நான்தான் ரெஜி. பின்னாடி எங்கயாவது கெடந்திருந்தா அந்தப் புள்ள படிச்சிருக்காது."

மூன்று மாதமாக இதை வைத்துக்கொண்டு அவர் மோட்டார் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடமிருந்து ஒரு பங்கை எடுத்தவர்கள் இவரிடமிருந்து எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது.

நடுவழியில் நின்றுவிட்டேன்.

"நான் எழுதுனது சரி. நீங்க குடுத்தது சரி. முன்னாடி குத்தச் சொன்னதும் சரி. படிச்ச படிப்புக்குப் பாட்டில் மேல எழுதியிருக்கிறத வாசிக்காதது அவங்க! வந்து பாக்காமலே பதின்மூணு தரம் அம்பது அம்பதுன்னு எழுதுனது அவங்க! இன்னொரு தரம் நான்தான் நான்தான்னு சொன்னீங்கன்னா, இங்கயே உக்காந்துருவேன்!"

வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். என் கணவர் என் கையைப் பிடித்தார்.

"கத்தாத ரெஜி. பஸ் ஸ்டாண்டே பாக்குது."

"பாக்கட்டும்" என்றேன்.